கதையில் நீ சாகவில்லை, ஸ்டெல்லா

என் ஸ்டெல்லாவுக்கு,

நம் நாவல் வந்துவிட்டது. தடவிப் பார்க்கத்தான் நீ இல்லை. முதல் பிரதியை உன் மகள் ஜெனி வாங்கிக்கொண்டாள். கடலூர் முதுநகர் வீட்டில் உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிட்டு, "பெரியம்மா, அம்மா இதையெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டாள்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது உன்னைப் பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கொட்டகையில் விட்டார்கள். கஞ்சாவுக்கு அடிமையான உன் அண்ணன், அதை விற்றவனிடம் பட்ட கடனுக்கு ஈடு நீ. கொட்டை உடைத்து, அதன் தோல் எண்ணெய் பட்டு உன் விரல்கள் வெந்தன. ஓடப் பார்த்ததற்குக் கட்டிவைத்து அடித்தார்கள். மனசு கேட்காமல் உன்னை மீட்க வந்த அண்ணனை வெட்டிப் போட்டார்கள். அந்தக் கொலையை விசாரிக்க வந்த போலீஸ்தான் உன்னைக் கண்டுபிடித்தது.

இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது நீ அழவில்லை. "புள்ளைங்க படிக்கிற மாதிரி எழுதுடி" என்றாய். "பெரியவங்க உச்சுக் கொட்டிட்டுப் போயிடுவாங்க. புள்ளைங்கதான் கேள்வி கேக்கும்."

நான் முதலில் எழுதிய முடிவில் கதையில் வரும் பெண் இறந்துபோவாள். நான் படிக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி கேட்ட நீ, டம்ளரைக் கீழே வைத்தாய்.

"என்னை ஏன்டி கொன்ன? இங்க உக்காந்து டீ குடிச்சிட்டுத்தான இருக்கேன்?"

"அப்பத்தான் படிக்கிறவங்க மனசுல நிக்கும்னு..."

"அந்த மாதிரி எடத்துல மாட்டிக்கிட்ட ஒரு புள்ள இதைப் படிச்சா என்னா நெனைக்கும்? செத்தாதான் வெளிய வரலாம்னு நெனைக்கும். மாத்துடி."

மாற்றினேன். மாற்றியதைப் படித்துக் காட்டுவதற்குள் நீ போய்விட்டாய். அது சரியாக வந்திருக்கிறதா என்று இனி யாரிடம் கேட்பது?

இப்போது சேதிக்கு வருகிறேன். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாவலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்து எல்லாரும் போன பிறகு, ஒரு மாணவி மட்டும் டீச்சர் பக்கத்தில் தயங்கி நின்றாள்.

"கதைல அந்தப் பொண்ணு வெளிய வந்துடுது. நெசமாவே வந்துச்சா மிஸ்?"

"வந்தாங்கம்மா. நர்ஸா வேலை பாத்தாங்க. உன்னாட்டம் ஒரு பொண்ணைப் பெத்தாங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க தங்கச்சியும் ஒரு வீட்ல அப்படித்தான் இருக்குது. எங்க மாமாவுக்குப் போதை மாத்திரை விக்கிற ஆளு வீடு. எல்லா வேலையும் வாங்குறாங்க, வீட்டுக்கு விடவே மாட்டறாங்க. வெளிய சொன்னா எங்க அம்மாவ வெட்டிடுவேன்றாங்க மிஸ்."

டீச்சர் அங்கேயே நின்று போன் போட்டார். குழந்தைகள் நல அதிகாரிகளும் போலீசும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் ஆபீசில் அந்தப் பிள்ளைகளின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் டீச்சரும் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கியது குழந்தை. யாரோ பெரியவளின் சுடிதார், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அம்மாவைப் பார்த்தும் அது ஓடி வரவில்லை, ஸ்டெல்லா. வரலாமா என்பதுபோல் போலீஸ்காரம்மாவின் முகத்தைப் பார்த்தது. நீயும் அப்படித்தான் நின்றாயா?

அந்த ஆள் இப்போது ஜெயிலில். தாயும் மூத்தவளும் அவன் ஆட்களுக்குப் பயந்து சொந்தக்காரர் வீட்டுக்கு மாறிவிட்டார்கள். சின்னவள், பாதுகாப்புக்காக, கடலூரில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். அனுமதி வாங்கி, ஞாயிறுதோறும் நானும் ஜெனியும் போகிறோம். யாரிடமும் பேசாமல் இருந்தவள், போன வாரம் ஜெனி தலை பின்னிவிடும்போது, "நாளைக்கும் வருவியாக்கா?" என்று கேட்டாள். வெளியே வந்து ஜெனி அழுத அழுகை!

"அடுத்த நாவல் கெடைச்சிடுச்சு மேடம்" என்றார் பதிப்பகத்துக்காரர். இல்லை என்றேன். உனக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் ஒரு வரியும் எழுத மாட்டேன். அது அவள் கதை. வளர்ந்து, சொல்லலாம் என்று அவளுக்கே தோன்றினால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். தோன்றாவிட்டால் கேட்கவே மாட்டேன். அதுவரை தலை பின்னிவிடப் போய்வருவோம், இது சத்தியம்.

உன் ஜெனிக்குப் பெரியம்மா,
வசந்தி