அறுப்புக்கு வராதவர்கள்

2024 நவம்பர் 10, ஞாயிறு

இன்று கோவிலில் அறுப்பின் பண்டிகை. சர்க்கரை ஆலைக்கு நான் விற்ற மூன்று கரும்பு அறுவடை இயந்திரங்களும் போன வாரமே போசரியில் இருக்கிற என் யார்டிலிருந்து கிளம்பிவிட்டன. இத்தனை பெரிய ஆர்டர் எனக்கு இதுவரை வந்ததில்லை. பத்தில் ஒரு பங்கான தசமபாகம் முழுவதையும் கரும்புக்காட்டுச் சமையலுக்கே கொடுத்துவிட்டேன். போதகர் என் பெயர் சொல்லி ஜெபித்தார். கண் கலங்கிவிட்டது.

வறண்ட பீட் மாவட்டத்துப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு மதியம் சோறு போட்டு, பாடமும் சொல்லித் தருவது எங்கள் சபையின் பழைய ஊழியம். என் பூட்டனார் தெற்கே எங்கள் பூர்வீக ஊரான நாசரேத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சமையல்காரராக மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்தவர். கன்டோன்மென்ட்டைச் சுற்றிக் குடியேறிய எங்கள் தமிழ் ஆட்கள் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். அடுத்தவர் அடுப்படியில் நின்று பிழைத்த கூட்டம். சோறு போடுவதில் எங்களுக்கு ஒரு பெருமை. என் மனைவி மில்ட்ரெட்தான் அந்தச் சமையலை நடத்துகிறாள்.

நவம்பர் 24

மில்ட்ரெட் காட்டிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டாள். அண்டாவில் சோறு அப்படியே இருந்தது.

"ஆளையே காணோம் அத்தான். போன வருசம் குடிசை போட எடம் இல்லாம அடிச்சுக்கிட்டாவ. இந்தத் தடவ பொட்டலா கெடக்கு. உங்க மிஷின்தான் நிக்குது."

'உங்க மிஷின்' என்றாள். இத்தனை வருடம் 'நம்ம மிஷின்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 25

நூறு பேர் செய்கிற வேலையை ஒரு இயந்திரம் செய்யும் — ஆலைக்காரர்களிடம் இந்த வாயால்தானே சொல்லி விற்றேன்?

டிசம்பர் 8

சபைக் கமிட்டி கூடியது. மில்ட்ரெட்டின் தம்பி கார்ல்தான் பொருளாளர். சமையலை நிறுத்திவிடலாம், அந்த அரிசியைக் கிறிஸ்துமஸ் பொட்டலத்தில் சேர்க்கலாம் என்றான். "பிள்ளைங்க வரலன்னா பசி தீந்துட்டுன்னுதான அர்த்தம்? நல்ல சேதிதான அத்தான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

டிசம்பர் 14

மந்தா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. வருடாவருடம் மில்ட்ரெட்டுக்குச் சமையலில் ஒத்தாசையாக இருந்தவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் எழுத்துப் படித்தார்கள். இப்போது நகரத்துக்குள்ளேயே ஏரவாடாவில் தகரம் அடித்த ஒரு அறையில் இருக்கிறாள். அவளே மில்ட்ரெட்டுக்கு போன் செய்திருக்கிறாள். இருவரும் போனோம்.

ஆள் கூட்டி வரும் மேஸ்திரி இந்த வருடம் முன்பணம் தரவில்லையாம். மிஷின் வந்துவிட்டது, பாதி ஆள் போதும் என்றானாம். ஊரில் மழை இல்லை, விதைக்க வழியில்லை. புருஷன் இங்கே கட்டடத்தில் செங்கல் சுமக்கிறான். அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, கரும்பு வெட்டுவது உடம்பை முறிக்கிற வேலைதானே, விட்டுத் தொலைந்தது என்று நினைத்துக்கொள் என்றேன். எனக்குத் தெரிந்த மராத்தியில். எத்தனை வக்கிரமான ஆறுதல்!

மந்தா கோபப்படவில்லை. "அந்த வேலை ஒழியட்டும் சேட். மாதவிலக்குன்னு வெட்டு நாளில் லீவு போட்டா அபராதம், அதுக்குப் பயந்து கர்ப்பப்பையையே எடுத்துக்கிட்டவ நான். ஆனா ஒழிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

மில்ட்ரெட் என்னைப் பார்த்தாள். சொல்லாமல் வந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்: அந்த மிஷினை விற்றவன் நான்தான்.

மந்தா கேட்டாள்: "அதை ஓட்டறது யாரு?"

டிசம்பர் 17

ஆலைக்கு இன்னும் மூன்று இயந்திரம் வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். இயந்திரத்தோடு போகும் ஆட்களை, ஓட்டுநர் உட்பட, பழைய வெட்டாட்களிலிருந்தே எடுங்கள், பயிற்சி நான் கொடுக்கிறேன் என்றேன். டைரக்டர் சிரித்தார். "மிஷின் விற்க வந்தீர்களா, யூனியன் வைக்க வந்தீர்களா?"

இரவு சாப்பாட்டில் மகன் ரோஹன் கத்தினான். "டாடி, உங்களுக்கு என்ன ஆச்சு? டீல் போயிரும். நீங்க இல்லன்னா வேற ஆள் விக்கும்." அவன் தமிழ் அவ்வளவுதான். ஆனால் சொன்னதில் தப்பு என்ன?

2025 ஜனவரி 9

ஆர்டர் வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டது.

ஜனவரி 10

அந்த மூன்று இயந்திரங்களும் காட்டில் இறங்கத்தான் போகின்றன. நான் விற்காததால் ஒருவருக்கும் கூலி கிடைத்துவிடாது. பிறகு எதற்காக? மனச்சாட்சி என்று சொல்லிக்கொள்ளவா? ஆலையை நம்பி நான் முன்கூட்டியே தருவித்த இயந்திரம் ஒன்று யார்டில் நிற்கிறது. ரோஹன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஜனவரி 19

கமிட்டியில் எழுந்து கேட்டேன். சமையல் நின்றுவிட்டது, அந்தப் பணத்தை வேலை போனவர்களின் பயிற்சிக்குக் கொடுக்கலாம்; யார்டில் நிற்கிற இயந்திரத்தை நானே வாடகைக்கு ஓட்டப்போகிறேன், அதில் அவர்கள் வேலை பார்க்கட்டும்.

கார்ல் சொன்னான்: "தர்மம்னா சோறு போடுதது. கூலி குடுக்குதது வியாபாரம் அத்தான். அதுவும் உங்க வியாபாரம்."

சுருக்கென்றது. அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே. போதகர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகக் கை தூக்கியவள் மில்ட்ரெட் ஒருத்திதான். வெளியே வந்ததும், "சோறு போட்டா அவுங்க நம்மளக் கும்பிடுவாவ. வேலை குடுத்தா சம்பளம் கேப்பாவல்லா. அதான் கசக்குது" என்றாள்.

பிப்ரவரி 3

யார்டிலேயே பயிற்சியை நாங்களே ஆரம்பித்துவிட்டோம். நான்கு பேர் வந்தார்கள். மந்தாவின் புருஷன் வரவில்லை. "என் கையை வாங்கினவன்கிட்டயே சம்பளம் வாங்கவா?" என்றானாம். மந்தா வந்தாள்.

பிப்ரவரி 20

இயந்திரத்தின் வயிற்றுக்குள் கை விடும்போது மந்தாவின் விரல் நசுங்கப் பார்த்தது. நான் அலறிவிட்டேன். பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஜம்பு என்ஜினை அணைத்துவிட்டான். அவள் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்தாள். போதும், வீட்டுக்குப் போ என்றேன். போகவில்லை.

ஏப்ரல் 12

யார்டுக்குள்ளேயே இரண்டு சுற்று தனியாக ஓட்டினாள். ரோஹன் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் டீ வாங்கி வந்தபோது அவளுக்கும் ஒன்று இருந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. கோவிலுக்குப் போகவில்லை. நானும் மில்ட்ரெட்டும் காலையிலேயே டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனோம்.

நாங்கள் போனபோது மந்தா பாதி வயலை முடித்திருந்தாள். வரப்பில் ஏழெட்டுப் பெண்கள் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி அந்த வயலை அவர்களுக்குத்தான் சொல்லியிருந்தானாம். கடைசி நேரத்தில் வயலின் சொந்தக்காரர் மிஷினைக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டது எங்கள் மிஷினை.

மந்தா என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி அவர்கள் பக்கம் போனாள். எல்லோரும் அவள் தாலுகாக்காரர்கள், ஒருத்தி அவளுடைய நாத்தனார். அவள் போய் உட்கார்ந்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எங்களிடம் வந்து உட்கார்ந்தாள். மில்ட்ரெட் சோறு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். பிள்ளைகள் ஏரவாடாவிலேயே பள்ளிக்கூடம் போகிறார்கள், இந்த வருடம்தான் நடுவில் நிற்காமல் படிக்கிறார்கள் என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

பிறகு போகிறவர்களைப் பார்த்தபடி, "அவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா, அக்கா?" என்று கேட்டாள்.

மில்ட்ரெட் என்னைப் பார்த்தாள். நான் டப்பாவை மூடினேன்.

மந்தா கையைக் கழுவினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறி உட்கார்ந்தாள். மீதி வயல் இருந்தது.