அவிழ்க்காத பை

2012 மாசி 14, செவ்வாய்

ஆசிரமத்தில் இன்று எனக்கு முதல் நாள். யோகா மண்டபத்துக்குள் பை கூடாது என்றார்கள். அறையில் விட்டுவிட்டுப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தும் நினைப்பெல்லாம் பையில்தான். திரும்பி வந்தால் பை வெறுமையாகக் கிடந்தது.

"அலுமாரியில அடுக்கி வைச்சனான் அக்கா," என்றாள், யோகாவுக்கு வராமல் அறையிலேயே நின்ற, என்னோடு தங்கும் கட்டுக்கரை ஊர்ப் பெண்.

"ஆரைக் கேட்டுத் தொட்டனீர்?" என்று கத்திவிட்டேன். சண்டையில் எங்கள் ஊரான விடத்தல்தீவை விட்டு ஓடிய நாளிலிருந்து அந்தப் பையை நான் முழுதாக அவிழ்த்ததில்லை. திரும்பவும் ஓடச் சொன்னால்?

அவள் போய்ப் படுத்துவிட்டாள். உடுப்பை எடுத்துத் திரும்பவும் பையில் வைக்க அலுமாரியைத் திறந்தேன். உள்ளே என்னுடையவை மட்டும்தான். அவளுடைய பை தலைமாட்டில் கட்டியபடியே இருக்கிறது. நித்திரையிலும் அதன் வாரைக் கையில் சுற்றி வைத்திருக்கிறாள்.

அலுமாரி இன்னும் திறந்தே கிடக்கிறது. உடுப்பை எடுக்கவும் மனமில்லை, கதவைச் சாத்தவும் பயம்.