சத்தம் போன வண்டி

வெள்ளிக்கிழமை, இரவு.

பைக்கின் சைலன்சர் குழாய் வளைவில் விரிசல் விட்டு, இரண்டு மாதமாகத் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் சாதா வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைத்தது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இன்று சாயங்காலம் பிரேசர் டவுனில் ரஹீம் பாயின் பட்டறைக்குப் போனேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆர்கான் வெல்டிங்தான் நிற்கும் என்றார். விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் முனையில் சின்னத் துளை போட்டு, அதையும் சேர்த்து அடைத்தார். ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, "இனிமே நீங்க வர்றதே யாருக்கும் தெரியாது சார்" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆஸ்டின் டவுனில் வீட்டுக்கு வந்து மாடியேறினேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. என் மனைவி கல்பனா உள்ளே தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவர் இன்னும் வரலக்கா. தெருமுனையிலயே வண்டிச் சத்தம் கேட்டுடும், அப்ப வச்சுடறேன். நீ சொல்லு."

பிறகு சிரித்தாள். மூச்சு வாங்கி, நடுவில் மூக்கால் ஒரு சத்தம் போட்டு, மறுபடியும் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

செருப்பைக் கழற்றாமலே கீழே இறங்கினேன். வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், ஸ்டார்ட் செய்து, ஹாரன் அடித்தபடி திரும்பி வந்தேன்.

மேலே போனபோது போன் சார்ஜரில் இருந்தது. கல்பனா தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி சரியாயிடுச்சா? ஹாரன் மட்டும்தான் கேட்டுச்சு."

"ஆயிடுச்சு" என்றேன்.

நாளையிலிருந்து தெருமுனையிலேயே ஹாரன் அடித்துவிட வேண்டும்.