நாலு பேர் வேண்டாம்

சரவணம்பட்டி,
11.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நானும் சசிதரும் கோர்ட்டில் இருக்கும் சமரச மையத்துக்குப் போனோம். நீங்கள் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்து எனக்குக் கூசிப்போனது. சமரசம் பேசும் பிரவீனா மேடம் உங்களை உள்ளே விடவில்லை என்று கோபப்பட்டீர்களாம். விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதே நான்தான்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் நான் பேசி முடிக்கும்வரை அவர் குறுக்கிடாமல் இருந்தார். அவர் பேசும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் ரொம்பக் கஷ்டம். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. பாப்பாவை எப்படி வளர்ப்பது என்று பேசத் தொடங்கியிருக்கிறோம்.

உங்கள் தங்கை
பொற்கொடி

*

ஆனைமலை,
18.6.2024

தங்கை பொற்கொடிக்கு அண்ணன் கருப்புசாமி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நல்ல மழை.

அவனோடு சேர்ந்து வாழச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். நீ கேட்கவில்லை. சரி, விட்டேன். ஆனால் வேண்டாமென்று வந்த பிறகு அவனோடு உட்கார்ந்து என்ன பேச்சு? வக்கீலை வைத்து ஒரு புகார் எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். உன்னை அடித்ததாகப் போட்டிருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டால் போதும். ஒருநாள் ஸ்டேஷனில் உட்காரவைத்தால் பாப்பாவை உன்னிடமே விட்டுவிட்டு ஓடிவிடுவான்.

அப்பா இல்லாத வீட்டில் உனக்காக நிற்க நான் ஒருவன்தான் இருக்கிறேன் கண்ணு. என்னை ஊரில் தலைகுனிய வைக்காதே.

உன் அண்ணன்
கருப்புசாமி

*

சரவணம்பட்டி,
25.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

புகாரைப் படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

சசிதர் என்னை அடித்ததில்லை. என் வேலையை, நான் யாரோடு பழகுவது என்பதை, எல்லாவற்றையும் என்னைக் கேட்காமலே முடிவு செய்தார். பெருந்துறைக்குக் குடிபோவதுகூட, சாமான் ஏற்ற லாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். பிரிவதற்கு அந்த உண்மை போதும். பொய் வேண்டாம். அந்தப் புகாரையும் நீங்கள் என்னைக் கேட்காமல்தானே எழுதினீர்கள்?

நாங்கள் பேசி முடித்துவிட்டோம். பாப்பா என்னோடு இருப்பாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு அவரிடம். ஆவணியில் மாசாணியம்மன் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. நாங்கள் இருவரும் நின்று நடத்துகிறோம். தாய்மாமன் நீங்கள். உங்கள் மடியில்தான் அவளை உட்காரவைக்க வேண்டும். அவசியம் வாருங்கள்.

பொற்கொடி

*

ஆனைமலை,
3.7.2024

பொற்கொடிக்கு,

அவன் நிற்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன். தாய்மாமன் மடி இல்லாமல் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தியிருக்கிறார்கள் என்று யாரையாவது கேட்டுப் பார்.

கருப்புசாமி

*

சரவணம்பட்டி,
9.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்றுக் காதுகுத்து முடிந்தது.

ஊசியைக் கையில் எடுத்த ஆசாரி, "மாமன் வர்ற வரைக்கும் பொறுக்கலாமுங்க அம்மணி" என்றார். வெயில் ஏறும்வரை பொறுத்தோம். சசிதரின் பெரியம்மா, தன் மகனையாவது உட்காரவைக்கலாம் என்றார். நான் மணையில் உட்கார்ந்து பாப்பாவை என் மடியில் எடுத்துக்கொண்டேன். "மாமன் வரமாட்டாருங்க. நீங்க குத்துங்க" என்றேன். சசிதர்தான் வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அழுதாள். அப்புறம் ஜிலேபியைக் கண்டதும் ஓய்ந்துவிட்டாள்.

பந்தி நடக்கும்போது கோமளா அண்ணி சீர்த்தட்டோடு வந்தார். "உங்கண்ணன் தோப்புல உக்காந்திருக்கறாரு அம்மணி. நீ போயி ஒரு வார்த்தை கூப்பிட்டீன்னா வந்துபோடுவாரு" என்றார்.

நான் போகவில்லை அண்ணா. முறையாக எழுதி அழைத்தேன். அதற்குமேல் அழைத்தால், நான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நான் தப்பு எதுவும் செய்யவில்லை.

தட்டில் இருந்த பட்டுப்பாவாடையைப் பாப்பாவுக்கு உடுத்திவிட்டேன். அளவு சரியாக இருந்தது. "மாமா எடுத்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாயங்காலம்வரை கழற்றவே விடவில்லை.

அடுத்த மாதம் கோர்ட்டில் கையெழுத்து. அதற்கு நீங்கள் வர வேண்டாம், அது எங்கள் இருவர் காரியம். அதன்பிறகு பாப்பா என்னோடு இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்களுக்குப் பிடித்த பச்சப்பயிறுக் குழம்பு வைக்கிறேன். தனியாக வாருங்கள். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

உங்கள் தங்கை
பொற்கொடி