கருவி வைத்த உயரம்

ஆகஸ்ட் 12, செவ்வாய். பிளாக்ஹவுஸ் பே, ஆக்லாந்து.

அணுகுண்டு சோதனை நடந்த ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்கு அதன் பழங்குடி மக்கள் திரும்பிப் போகலாம், அங்குள்ள தூசியைச் சுவாசிப்பதால் ஆபத்து குறைவு என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவள் நான். ஆக்லாந்தில், கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து.

இன்று வீடியோ அழைப்பில், அங்கே திரும்பிக் குடியேறிவிட்ட ரூபி கேட்டார்: “தூசி அளக்கும் கருவியை எந்த உயரத்தில் வைத்தீர்கள்?”

நிற்கும் ஆளின் மூக்கு உயரத்தில் என்றேன்.

“நாங்கள் தரையில்தானே உட்காருகிறோம், தூங்குகிறோம்?” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும், எனக்குத் தோன்றவில்லை.

சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். “நீர் மட்டுமே கையெழுத்துப் போட்டனீர்? நாளைக்குக் கதைப்பம், இப்ப சாப்பிடும்,” என்றார். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன்.

தரையருகே மறுபடி அளக்க வேண்டும் என்று மேலாளருக்கு எழுதினேன். பதில் இல்லை. ரூபிதான் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். அவருடைய பேத்தி செம்மண்ணில் குப்புறப் படுத்து, விரலால் பறவையின் கால்தடம் வரைகிறாள். கோணலாகிவிட்டது. அழிக்க வாயால் ஊதுகிறாள்.

ஊதுவதற்கு முன் நன்றாக மூச்சை உள்ளே இழுக்கிறாள்.