சாரத்தில் கட்டிய முகமூடி

திருவண்ணாமலை,
ஐப்பசிக் கடைசி

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுவது. வேங்கிக்காலில் நாம் கட்டும் கடைக் கட்டடத்தில், சாரத்தின் மேலிருந்து பூச்சுவேலை செய்யும் வளவன் கீழே விழுந்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை, வலது கால் முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். நானும் உன் அம்மாவும் உன் மகள் எழிலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் அருண்பிரசாத் கையில் இதைக் கொடுத்தனுப்பக் காரணம், போனில் என்றால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் சத்தம் போடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். பக்கத்தில் குழந்தையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எழில் வகுப்பில் மாதம் ஒரு ஊர்க்காரர் கலையைச் செய்ய வைக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒரு மாதம் ஹாலந்து ஓவியர் வரைந்த சூரியகாந்திப் பூ, ஒரு மாதம் ஜப்பான் அலை. போன மாதம் ஆப்பிரிக்கா முகமூடி. பழைய பேப்பரைக் கஞ்சிப் பசையில் நனைத்து பலூன் மேல் ஒட்டிக் காயவைத்து வர்ணம் அடித்துக்கொண்டு வந்தாள். நீட்டு மூக்கு, வரிசையாய்ப் பல், கன்னத்தில் வெள்ளைக் கோடு. அந்த ஊரில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வேலை உண்டு என்று டீச்சர் சொன்னார்களாம், இவள் செய்தது காவல் முகமாம். புகழேந்தி மேஸ்திரி அந்தச் சமயம்தான் கட்டடத்துக்குத் திருஷ்டி பொம்மை வாங்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். பேத்தி செய்ததே இவ்வளவு பயமாக இருக்கிறதே, வீண் செலவு எதற்கு என்று நான்தான் அதைக் கொண்டுபோய் சாரத்தில் கட்டச் சொன்னேன். குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்கூல் ஆட்டோவை அந்தப் பக்கம் திருப்பி எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டினாள்.

வளவன் விழுந்த மறுநாளே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. எந்த ஊர் சாமி மூஞ்சியோ, அதைக் கொண்டாந்து மாட்டினா சும்மா இருக்குமா என்று உன் அத்தை வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசினாள், குழந்தை காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பென்சிலைத் தொடவில்லை. அலமாரியில் ஒட்டிய படங்களை எல்லாம் பிய்த்துவிட்டாள். இந்த மாதம், அடர்ந்த புருவத்தோடு தன்னையே வரைந்த மெக்சிகோ ஓவியர் மாதிரி தன் முகத்தையே வரையச் சொன்னதற்கு வெறும் தாளைக் கொடுத்திருக்கிறாள், டீச்சர் வீட்டுக்கே வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தாத்தா, நான் செஞ்ச மூஞ்சிதானே அவர தள்ளிச்சு என்று என்னிடம் கேட்டாள். இல்லடி என்றேன், நம்பவில்லை. அவள் வரைவதில்லை என்றதும் நீ காரணம் தெரியாமலே போனில் ஓவிய கிளாஸை நிறுத்திடுங்கப்பா என்றாய். நிறுத்தினால் அவள் பயந்தது சரி என்று நாமே சொன்ன மாதிரி ஆகும், நான் நிறுத்தப் போவதில்லை.

அதனால் வளவனையே கேட்டுத் தெளிவோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடி அண்ணாமலை ஊர்க்காரன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஆனால் வேலையில் சுத்தம். எப்படிடா விழுந்தே என்றேன். அவன் சொன்னான், மழை புடிச்சிக்கிச்சிங்க, அந்த மூஞ்சி நனைஞ்சு ஊறிப்போவுது, பாப்பா செஞ்சதாச்சே, உள்ளாற எடுத்து வெச்சிடலாம்னு எட்டினேன், பலகை வழுக்கிடுச்சி. இது குழந்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே புரியும். அவளிடம் பலகை வழுக்கியதை மட்டும் சொல்லு, மற்றதை விடு, அதற்கு எது வேண்டுமானாலும் கேள் என்றேன். சொல்றேங்க, அதுக்கு ஒண்ணும் வேணாம் என்றான்.

மறுநாள் எழிலைக் கூட்டிப் போனேன். கட்டிலுக்கு எட்டத்திலேயே நின்றாள். வா பாப்பா, நீ செஞ்ச மூஞ்சியோட மூக்கும் என் மாமனார் மூக்கும் ஒண்ணு, தினம் அதப் பாத்து சிரிச்சிட்டுதான் வேலை ஆரம்பிப்பேன் என்றான். அவன் பெண்டாட்டி எங்கப்பா மூக்குக்கு என்ன கொறச்சல் என்று அங்கேயே சண்டைக்கு வந்தாள். குழந்தை சிரிக்கவில்லை. அது உங்கள தள்ளிச்சா என்று நேராகக் கேட்டாள். பலகை ஈரம், வழுக்கிச்சு, பேப்பர் எங்கியாவது ஆள தள்ளுமா என்றான். நிஜமாவா என்றாள். நிஜமாதான் என்றான். வரும் வழியில் பசிக்குது என்றாள். அந்த வாரம் டீச்சருக்குத் தன் முகத்தை வரைந்து கொடுத்தாள், புருவம் மட்டும் ரொம்பப் பெரிசு.

மறுபடி தனியாகப் போனபோது வளவன் என்னைப் பிடித்துக்கொண்டான். இத மறைக்கிறது எத்தினி நாளைக்குங்க என்றான். எப்பவும்தான் என்றேன். அது முடியாதுங்க என்றான். பிடிச்சிருந்ததாலதானே அத எடுக்கப் போனேன், அந்தச் சேதி பாப்பாவுக்குத் தெரியாமலே போயிடக்கூடாது, பெருசானா தாங்கிக்கும் என்றான். அவள் கல்யாணத்துக்குப் பிறகு என்றேன். அப்ப நான் இருக்கேனோ இல்லியோ என்றான். மண்டியில் நாற்பது வருஷம் மணிலாக்கொட்டை மூட்டைக்கு விலை பேசியவன், இந்த மாதிரி ஒரு பேரத்தை நான் பேசியதே இல்லை, இரண்டு பக்கமும் இறங்கி ஒரு இடத்தில் நின்றோம்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் அருணாசலேசுவரர் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுளும் நிம்மதியும் உண்டாகட்டும். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் கிழித்துவிடு, போனில் ஒரு வார்த்தை வேண்டாம். வளவனோடு பேசி முடித்ததை நீயும் காக்க வேண்டும். அவன் எழுந்து நடக்கும் வரை கூலி முழுசாக என் பொறுப்பு, மருந்துச் செலவும் அப்படியே. இனி சாரம் ஏறும் எல்லோருக்கும் இடுப்பில் கயிறு. எழில் பத்தாவது முடிக்கும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. முடித்த பிறகு அவளிடம் சொல்வது வளவன், நீயோ நானோ இல்லை.

இப்படிக்கு உன் அப்பா,
கோ. ராஜமாணிக்கம்