பாப்பாவின் கையில் என் நம்பர்

பாப்பாவின் அப்பாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில் தொங்குகிறது. எனக்கு லீவு கிடைத்திருந்தால் பொருட்காட்சிக்கு அவளை உங்களோடு அனுப்புவேனா? சிவப்புச் சட்டை போட்டுவிடுங்கள், கூட்டத்தில் பளிச்சென்று தெரியும். போனைப் பிடிக்கிற கையால் அவளைப் பிடியுங்கள்.

போன வாரம் கடைத்தெருவில் தொலைந்தபோது, குழந்தை உங்கள் நம்பரைத் தப்பில்லாமல் சொன்னாள். காவலாளி கூப்பிடக் கூப்பிட, "யாரோ தெரியாத நம்பர்"னு கட் பண்ணிக்கொண்டே இருந்தீர்களே, மகராசன்! அதனால் இன்று அவள் கையில் என் நம்பரைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். அழித்துவிடாதீர்கள்.

இடமில்லாமல் ஓரத்தில் எழுதுகிறேன்: அவள் கையில் நம்பர் எழுதும்போது, "அப்பா தொலைஞ்சு போனா யாருக்கும்மா போன் பண்ணணும்?"னு கேட்டாள்.

"யாருக்கும் வேண்டாம்டி செல்லம், நீ வந்துட்டா போதும்"னு சொல்லிவிட்டேன்.